மடக்குக்கத்திக் கைப்பிடியில் சாயம் ஏறும் விதம்

மடக்குக்கத்தியின் உலோகச் சட்டகத்தை இருபுறமும் மூடி உள்ளங்கைக்குப் பிடிமானம் தரும் தகடுகள் ஒரு காலத்தில் மரம், எலும்பு, மான்கொம்பு போன்றவற்றால் செய்யப்பட்டன. இன்று அவற்றுள் பெரும்பாலானவை நைலான், செல்லுலோஸ் அசிட்டேட், எப்பாக்சி முதலிய செயற்கைப் பொருள்களால் ஆனவை. இத்தகடுகளைக் கழற்றி, வீட்டு அடுப்பிலேயே சாயநீரில் சூடாக்கி, விரும்பிய நிறத்துக்கு மாற்றிக்கொள்வது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கத்தி ஆர்வலர்களிடையே வேரூன்றிய பழக்கம். துணிக்குப் போடும் சாயப் பொட்டலம், கொஞ்சம் வினிகர், ஒரு பழைய பாத்திரம், ஒரு வெப்பமானி ஆகியவற்றுக்கு மேல் அதற்கு எதுவும் தேவைப்படுவதில்லை. ஆயினும், ஒரே பாத்திரத்தில் ஒரே சாயநீரில் ஒரே அளவு நேரம் கிடந்த இரண்டு வெள்ளைத் தகடுகளுள் ஒன்று ஆழ்ந்த நீலமாக வெளிவர, மற்றொன்று குழாய்நீரில் கழுவியவுடன் பழைய வெள்ளைக்கே திரும்பிவிடுவதுண்டு. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் செய்பவரின் கைத்திறனன்று. தகட்டுப் பொருளின் மூலக்கூறுகளுக்கும் சாயத்தின் மூலக்கூறுகளுக்கும் இடையே உள்ள பொருத்தமே ஆகும். எந்த நிறம் வேண்டும் என்பதற்கு முன்னால் தகடு எதனால் ஆனது என்று கேட்க வேண்டியிருப்பது இதனால்தான்.

வண்ணப்பூச்சுக்கும் சாயத்துக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. வண்ணப்பூச்சில் உள்ள நிறமித் துகள்கள் அப்பூச்சின் திரவத்தில் கரையாதவை. அவை ஒரு பிசினின் துணையால் பொருளின் மேல் ஒரு படலமாக ஒட்டிக்கொள்கின்றன. கைப்பிடி என்பது வியர்வையும் உராய்வும் ஓயாமல் படும் இடமாதலால் அத்தகைய படலம் விளிம்புகளிலிருந்து உரியத் தொடங்குகிறது. சாயமோ தனித்தனி மூலக்கூறுகளாகக் கரைந்து, ஒன்று அல்லது இரண்டு நானோமீட்டர் அளவே உள்ள அம்மூலக்கூறுகள் பொருளின் உள்ளே நுழைந்து அங்கேயே தங்குவதால் நிறம் தருகிறது. உரிவதற்கு அங்கே படலம் எதுவும் இல்லை. ஆனால் உள்ளே நுழைவதற்கு வழியும், நுழைந்தபின் தங்குவதற்குக் காரணமும் வேண்டும். இவ்விரண்டும் பொருளுக்குப் பொருள் மாறுகின்றன.

எலும்பில் இவ்விரண்டும் இயற்கையாகவே அமைந்துள்ளன. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிராட்ஃபோர்டு நகரிலுள்ள கேஸ் நிறுவனம் போன்ற கத்தித் தயாரிப்பாளர்கள், மாட்டின் கால் எலும்பைத் தகடாக அறுத்து, மான்கொம்பின் சொரசொரப்பை நினைவூட்டும் குழிகளை அதில் கொத்தி, பழுப்பு, சிவப்பு, பச்சை எனப் பல நிறங்களில் சாயமேற்றி விற்று வந்துள்ளனர். எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஹைட்ராக்சி அபடைட் என்னும் கால்சியம் பாஸ்பேட் கனிமம். எஞ்சியதில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரதம். நுண்துளைகள் நுழைய வழி தருகின்றன, கொலாஜனில் உள்ள அமீன் தொகுதிகள் சாயத்தைப் பற்றிக்கொள்கின்றன. வீட்டில் எலும்புக்குச் சாயமேற்றுபவர் கவனிக்க வேண்டிய இடர்கள் இரண்டு: அமிலம் மிகுந்தால் கனிமம் கரைந்து எலும்பு மிருதுவாகிவிடும், நீரை நெடுநேரம் கொதிக்கவிட்டால் கொலாஜன் பிரிந்து ஜெலட்டினாகிவிடும். ஆகவே எலும்புக்கு மிதமான சூடும் மிகக் குறைந்த அமிலமும் நீண்ட ஊறலுமே ஏற்றவை.

நைலானின் கதை இதன் தொடர்ச்சி என்றே சொல்லத்தக்கது. 1935 பிப்ரவரி 28 அன்று, டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டனில் உள்ள டுபான்ட் ஆய்வகத்தில், வாலஸ் கரோதர்ஸின் குழு முதன்முதலாக உருவாக்கிய நைலான் 66, பட்டு நூலுக்கு மாற்றாக வளர்க்கப்பட்ட பொருள். பட்டும் கொலாஜனும் அமைடு பிணைப்புகளால் கோக்கப்பட்ட நெடுஞ்சங்கிலிகள், நைலானும் அப்படியே. இந்த ஒற்றுமையின் பயனாக, காஞ்சிபுரத்துப் பட்டு நூலுக்கு ஏற்றப்படும் அமிலச் சாயங்கள் என்னும் வகை, கத்தியின் நைலான் கைப்பிடிக்கும் பொருந்துகிறது. 1990-ஆம் ஆண்டளவில் ஸ்பைடெர்கோ நிறுவனம் கண்ணாடி இழையால் வலுவூட்டிய நைலானைத் தன் கத்திகளில் கையாளத் தொடங்கியதிலிருந்து இப்பொருள் கத்தி உலகில் பரவியது. நிறமி சேர்க்காமல் வார்க்கப்பட்ட வெளிர்நிறக் கைப்பிடிகள் கிடைக்கும் இடங்களில், அவையே வீட்டில் சாயமேற்றுவோரின் முதல் தேர்வு.

அமிலச் சாயம் என்ற பெயர் அச்சாயம் அரிக்கும் இயல்புடையது என்பதைக் குறிப்பதன்று; அமிலம் கலந்த நீரில் பயன்படுத்தப்படுவது என்பதையே குறிக்கிறது. அதன் மூலக்கூறில் சல்ஃபோனேட் என்னும் எதிர்மின்னேற்றம் கொண்ட தொகுதி இருக்கிறது. நைலான் சங்கிலியின் ஒரு முனையில் அமீன் தொகுதியும் மறுமுனையில் கார்பாக்சில் தொகுதியும் இருப்பது வழக்கம். நடுநிலை நீரில் அமீன் முனை நேர்மின்னேற்றத்தோடும் கார்பாக்சில் முனை எதிர்மின்னேற்றத்தோடும் நிற்பதால் ஒன்றை ஒன்று ஈடுசெய்துவிடுகின்றன. எதிர்மின்னேற்றம் கொண்ட சாயத்துக்கு அங்கே பெரிய ஈர்ப்பு எதுவும் இல்லை. வினிகர் சேர்ந்தவுடன் நிலைமை மாறுகிறது. ஒரு லிட்டர் நீரில் 50 மில்லிலிட்டர் வினிகர் ஊற்றினால் நீரின் பி.எச். அளவு 3-க்குச் சற்று மேலே வந்து நிற்கும். அப்போது கார்பாக்சில் முனைகள் ஹைட்ரஜன் அயனியை ஏற்றுத் தம் மின்னேற்றத்தை இழக்க, அமீன் முனைகளின் நேர்மின்னேற்றம் மட்டும் எஞ்சிச் சாயத்தை இழுக்கிறது. வினிகர் சாயத்தைப் 'பிடிக்க வைக்கிறது' என்று பொதுவாகச் சொல்லப்படுவதன் உண்மையான பொருள் இதுவே. நைலானுக்கு வினிகர் இவ்வளவு உதவுவதால் எல்லாப் பிளாஸ்டிக்குக்கும் அது உதவும் என்று எண்ணுவது பரவலான பிழை. மின்னேற்றம் பெறத்தக்க அமீன் முனைகள் இல்லாத பொருளில் வினிகர் ஊற்றுவதால் மணம் கூடுமே தவிர நிறம் கூடாது.

ஈர்ப்பு இருந்தால் மட்டும் போதாது. வழியும் திறக்க வேண்டும். உலர்ந்த நைலானின் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை, அதாவது அதன் சங்கிலிகள் விறைப்பு நீங்கி அசையத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸ். நீர் புகுந்தால் இவ்வெல்லை இன்னும் கீழே இறங்கும். ஏனெனில் நீர் மூலக்கூறுகள் அமைடு தொகுதிகளுக்கு இடையே நுழைந்து சங்கிலிகளைச் சற்றே விலக்குகின்றன. எனவே சூடான நீரில் நைலான் உறுதி குலையாமலேயே உள்ளுக்குள் நெகிழ்ந்து, சாய மூலக்கூறுகள் நகரும் அளவுக்குக் கணநேர இடைவெளிகளைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறது. இந்நகர்வுக்கு விரவல் என்று பெயர். 10 டிகிரி வெப்பம் கூடினால் விரவலின் வேகம் இரண்டு மடங்குக்கும் மேலாகக் கூடுவதால், 60 டிகிரியில் நாள் முழுவதும் கிடந்து பெறும் நிறத்தை 90 டிகிரியில் சில மணி நேரத்திலேயே பெற்றுவிடலாம். நைலான் 66 உருகுவதற்கு 260 டிகிரி வேண்டுமாதலால், கொதிநிலைக்குச் சற்றுக் கீழான வெப்பம் தகட்டை உருக்கிவிடும் என்ற அச்சத்துக்கு இடமில்லை.

நேரத்துக்கும் ஆழத்துக்கும் உள்ள உறவு எளிதில் ஏமாற்றக்கூடியது. விரவலின் ஆழம் நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆழத்தை இரட்டிப்பாக்க வேண்டுமானால் நேரத்தை நான்கு மடங்காக்க வேண்டும், மும்மடங்காக்க ஒன்பது மடங்கு. சாயமேற்றிய நைலான் துண்டு ஒன்றைக் கூரிய கத்தியால் குறுக்கே சீவி, உருப்பெருக்காடியின் கீழே வைத்துப் பார்த்தால் இது கண்கூடாகத் தெரியும்: வெளிவிளிம்பில் செறிந்த நிறத்தில் ஒரு மெல்லிய வளையம், அதை ஒட்டி வேகமாக வெளிறும் ஒரு பட்டை, அதற்கும் உள்ளே வார்ப்பிலிருந்து வந்தபடியே மங்காத வெள்ளை. நெசவுத் தொழிலில் இழைகளின் நடுவரை சாயம் சேராமல் விளிம்பிலேயே நின்றுவிடுவதை வளையச் சாயமேற்றம் என்று குறையாகச் சொல்வார்கள். மில்லிமீட்டர் கணக்கில் தடிமன் உள்ள கைப்பிடித் தகட்டிலோ அது தவிர்க்க முடியாத இயல்புநிலை. கல்லில் விழுந்து ஆழமாகக் கீறினால் அடியிலுள்ள வெள்ளை தெரியவே செய்யும். சட்டைப்பையில் சாவியோடு உரசும் அன்றாடத் தேய்மானத்துக்கு அந்த வளையமே போதும். இத்தகைய தகட்டில் கலந்துள்ள கண்ணாடி இழைகள் சாயத்தை ஏற்பதில்லை என்பதும் இங்கே குறிப்பிடத்தக்கது. மேற்பரப்புக்கு மிக அருகே இழைகள் திரண்டிருக்கும் இடங்களில் நிறம் சற்று வெளிறியிருப்பது செய்பவரின் குறையன்று.

சீரற்ற திட்டுகளுக்கு வேறொரு காரணமும் உண்டு. முதல் சில நிமிடங்களில் நைலான் சாயத்தை மிக விரைவாக இழுத்துக்கொள்கிறது. நீர் அப்போதே கொதித்துக்கொண்டும் வினிகர் முழுவதும் கலந்தும் இருந்தால், எந்தப் பக்கம் சாயநீர் முதலில் படுகிறதோ அந்தப் பக்கமே அமீன் இருக்கைகள் நிரம்பிவிடுகின்றன. ஆதலால் வெதுவெதுப்பான சாயநீரில் தகட்டை இட்டு, வெப்பத்தை மெல்ல ஏற்றி, வினிகரை இரண்டு மூன்று தவணையாகச் சேர்த்து, இடைவிடாமல் அசைத்துக்கொடுப்பது சாயப் பட்டறைகளில் பின்பற்றப்படும் முறை. வீட்டிலும் இதைவிடச் சிறந்த வழி இல்லை. விரல்ரேகையின் எண்ணெயும் அச்சின் மசகெண்ணெயும் சாயநீரைத் தள்ளிவிடும் என்பதால், தகட்டைப் பாத்திரம் துலக்கும் திரவத்தால் தேய்த்துக் கழுவிய பிறகு வெறுங்கையால் தொடாமல் இருப்பதும் அவசியம்.

கடையில் கிடைக்கும் எல்லாத் துணிக்குமான சாயப் பொட்டலங்கள், அமெரிக்காவில் பெயர்பெற்ற ரிட் என்பதைப் போன்றவை, ஒரே சாயத்தால் ஆனவையல்ல. பருத்திக்கு ஏற்ற நேர்ச்சாயமும், கம்பளி, பட்டு, நைலான் ஆகியவற்றுக்கு ஏற்ற அமிலச் சாயமும் அவற்றில் கலந்திருக்கின்றன. துணி எதுவாயினும் ஒரு பகுதி ஏறும், மறுபகுதி வடிநீரோடு போகும். இதனால் பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருக்கும் நிறம் பருத்தியில் தோன்றுவது ஒருவிதம், நைலானில் தோன்றுவது ஒருவிதம். கருப்பில் இது மிக வெளிப்படையாகத் தெரியும். சாயத் தொழிலில் கருப்பு பெரும்பாலும் நீலம், சிவப்பு, மஞ்சள் போன்ற சாயங்களின் கூட்டு. அவற்றுள் ஒன்று விரைவாகவும் மற்றொன்று தாமதமாகவும் ஏறினால், குறைந்த நேரத்தில் எடுக்கப்பட்ட தகடு கருப்புக்குப் பதிலாக ஊதாவாகவோ கரும்பச்சையாகவோ நிற்கும். அமீன் இருக்கைகளின் எண்ணிக்கையும் அளவுக்குட்பட்டதே. ஒரு கிலோ நைலானில் சுமார் 30 முதல் 50 மில்லிமோல் அளவே அவை உள்ளன. ஆகவே சாயங்கள் இடத்துக்காகப் போட்டியிடுகின்றன, ஒரு சாயம் நிரப்பிவிட்ட இடத்தில் அடுத்தது நுழைய இயலாமல் போகிறது. நம்பத்தகுந்த கருப்பையோ குறிப்பிட்ட ஒரு பச்சையையோ விரும்புபவர், நெசவாளர்களுக்கு விற்கப்படும் தனி அமிலச் சாயத்தை வாங்குவதே நேர்வழி.

சுவிட்சர்லாந்தின் ஷ்வைஸ் மாநிலத்தில் இபாக் என்னும் ஊரில் 1884-இல் கார்ல் எல்செனர் தொடங்கிய பட்டறையிலிருந்து வளர்ந்த விக்டோரினாக்ஸ் கத்திகளுக்கு வரும்போது இவ்வளவு கணக்கும் மாறிவிடுகிறது. அக்கத்திகளின் புகழ்பெற்ற பளபளப்பான சிவப்புத் தகடுகள் செல்லிடார் என்ற வணிகப்பெயர் கொண்ட பிளாஸ்டிக். அது செல்லுலோஸ் அசிட்டேட்டின் குடும்பத்தைச் சேர்ந்தது. மரக்கூழிலோ பஞ்சிலோ இருந்து பெறும் செல்லுலோசில், நீரை விரும்பும் ஹைட்ராக்சில் தொகுதிகளுள் பெரும்பாலானவற்றை அசிட்டிக் அமிலம் முதலியவற்றின் எஸ்டராக மாற்றிவிட்டால் கிடைப்பது அது. இம்மாற்றத்தால் அது பருத்தியின் உறவாக இருந்தும் பருத்திச் சாயத்தை ஏற்பதில்லை. அமீன் முனை இல்லாததால் அமிலச் சாயத்தையும் ஏற்பதில்லை.

இத்தடை நூறாண்டுக்கு முன்பே ஒரு பெருந்தொழிலையே திணறவைத்தது. பாசல் நகரைச் சேர்ந்த கமில் ட்ரைஃபஸ், ஹென்றி ட்ரைஃபஸ் என்னும் உடன்பிறந்தோர் இருவரும் முதல் உலகப் போரின்போது விமான இறக்கைத் துணியை விறைப்பாக்கும் பூச்சுக்காகப் பேரளவில் செல்லுலோஸ் அசிட்டேட்டைத் தயாரித்தனர். போர் முடிந்ததும் தேவை வற்றிவிட, அதே பொருளை இழையாக நூற்று ஆடைச் சந்தைக்குக் கொண்டுவந்தனர். இழை அழகாக இருந்தது, அன்றிருந்த சாயங்களோ அதில் ஒட்ட மறுத்தன. 1920களின் முற்பாதியில் பிரிட்டனில் இதற்கென உருவாக்கப்பட்ட புதிய வகைதான் டிஸ்பெர்ஸ் சாயம், தமிழில் சிதறல் சாயம் எனலாம். இதன் மூலக்கூறு சிறியது, மின்னேற்றம் அற்றது, நீரில் மிக அரிதாகவே கரைவது. ஆகவே சவர்க்காரம் போன்றதொரு துணைப்பொருளால் நுண்துகள்களாக நீரில் சிதறவிடப்படுகிறது. நீரில் இருப்பதைவிடப் பிளாஸ்டிக்கில் கரைந்திருப்பதே அதற்கு இயல்பு என்பதால், நீரில் கரைந்துள்ள மிகச்சிறு அளவு பிளாஸ்டிக்குக்குள் போய்ச்சேர, அந்த இடத்தை நிரப்பத் துகளிலிருந்து மேலும் கொஞ்சம் கரைகிறது. நீரைக் கடந்து ஒரு திண்மத்திலிருந்து மற்றொரு திண்மத்துக்குள் நிறம் குடிபெயர்வது என்று இதைக் கொள்ளலாம். சாம்பார் வைத்த பிளாஸ்டிக் டப்பாவில் மஞ்சள் கறை எவ்வளவு துலக்கினாலும் போகாதிருப்பதும் இதே இயற்பியலால்தான்: மஞ்சளிலுள்ள குர்குமின் நீரில் அநேகமாகக் கரையாது, எண்ணெயோடு பிளாஸ்டிக்குக்குள் சென்று தங்கிவிடும்.

செல்லிடாருக்கும், ஏபிஎஸ் போன்ற வேறு சில பிளாஸ்டிக்குகளுக்கும் வேண்டியது இந்தச் சிதறல் சாயமே. பாலியெஸ்டர் துணிக்கென்று தனியாக விற்கப்படும் சாயப் புட்டிகளில் இருப்பது இதுதான். ஆனால் வெப்பத்தில் இங்கே சலுகை கிடையாது. செல்லுலோஸ் எஸ்டர்கள் 100 டிகிரியை நெருங்கும்போதே இளகத் தொடங்குவதால், நைலானுக்குப் பழகிய கையோடு கொதிநீரில் போடப்பட்ட செல்லிடார் தகடு வளைந்தும் பளபளப்பு இழந்தும் வெளிவரும். பித்தளைப் பொதிமுனைகளில் அழுத்திப் பொருந்தும் அதன் உட்புறக் குழிகளும், பல்குச்சியும் சாமணமும் செருகும் குறுகிய வழிகளும் சற்றே உருமாறினாலும் தகடு மறுபடி இடத்தில் உட்காராது. அசிட்டேட் துணிக்குச் சாயமேற்றும் ஆலைகள் 85 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதை வீட்டிலும் உச்சவரம்பாகக் கொள்வதோடு, 65 முதல் 70 டிகிரியில் நெடுநேரம் வைப்பது மேலும் பாதுகாப்பானது. செல்லிடாரைத் துடைக்க அசிட்டோனைத் தொடவே கூடாது. நகப்பூச்சு நீக்கியில் உள்ள அக்கரைப்பான் நைலானை ஒன்றும் செய்யாது, செல்லுலோஸ் எஸ்டரையோ கரைத்துப் பசையாக்கிவிடும். தகடு நைலானா செல்லிடாரா என்று ஐயம் எழும்போது, உட்புறத்தில் மறைவான ஓரிடத்தில் அசிட்டோன் தோய்த்த ஒரு குச்சியின் நுனியால் தொட்டுப் பார்ப்பதே விரைவான சோதனை: ஒட்டிக்கொண்டு மங்கினால் செல்லுலோஸ் எஸ்டர் என்று கொள்ளலாம், மாற்றமில்லையென்றால் நைலானாக இருக்கலாம்.

ஏற்கெனவே சிவப்பாக உள்ள தகட்டை நீலமாக்க முடியுமா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. முடியாது. வார்ப்பின்போது கலக்கப்பட்ட சிவப்பு நிறமி உள்ளேயே இருக்கும். சாயம் ஒளியைக் கூட்டுவதில்லை, உறிஞ்சிக் கழிக்கவே செய்கிறது. சிவப்பின் மேல் நீலம் ஏறினால் கிடைப்பது கரும்பழுப்போ கருப்போதான். வெள்ளையும், நிறமற்ற ஒளிபுகு தகடும் தவிர மற்றவற்றில் கருமையை நோக்கி மட்டுமே பயணம் செய்யலாம்.

ஜி-10 எனப்படும் தகடு, கண்ணாடி இழைத் துணியின் அடுக்குகளை எப்பாக்சிப் பிசினில் தோய்த்து வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுக்கிச் செய்யப்படுவது. எப்பாக்சியின் சங்கிலிகள் குறுக்குப் பிணைப்புகளால் ஒன்றோடொன்று கட்டுண்டவை. அதன் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை பெரும்பாலும் 130 டிகிரிக்கு அருகிலோ மேலேயோ இருப்பதால், கொதிநீரில்கூட அது விறைப்பு நீங்குவதில்லை. சிதறல் சாயத்தில் கொதிநிலையை ஒட்டிப் பல மணி நேரம் வைத்தாலும் மேற்பரப்பில் மிக மெல்லிய அடுக்கே நிறமேறும். ஆனால் ஜேட் என்று அழைக்கப்படும் வெளிர்பச்சை ஜி-10 பாதி ஒளிபுகும் தன்மையுடையதாதலால், அந்த மெல்லிய அடுக்கின் வழியே சென்ற ஒளி உள்ளேயுள்ள நெசவில் பட்டுத் திரும்பி, ஆழத்திலிருந்து வருவது போன்ற நிறத்தைத் தருகிறது. இவ்வகையில் அது நைலானைவிட அழகு என்றே கூற வேண்டும். சாயம் நன்றாக ஏறட்டும் என்று அதன் மேற்பரப்பைத் தேய்ப்பவர்கள் நீரில் நனைத்தே தேய்க்க வேண்டும், முகக்கவசமும் அணிய வேண்டும். கண்ணாடி இழைத் தூசு நுரையீரலுக்கு ஏற்றதன்று.

அலுமினியத் தகடுகளுக்கு நிறம் ஏற்றப்படும் முறை முற்றிலும் வேறு. கந்தக அமிலத்தில் மின்னோட்டம் செலுத்தி வளர்க்கப்படும் ஆக்சைடு அடுக்கில் நானோமீட்டர் அளவுத் துளைகள் நிறைந்திருக்கின்றன. அவை திறந்திருக்கும்போது சாயம் நுழைகிறது, பின்னர் கொதிநீரில் வைத்தால் ஆக்சைடு நீரேற்றம் பெற்றுப் பருத்துத் துளைகளை அடைத்துவிடுகிறது. கடையில் வாங்கிய அலுமினியத் தகட்டில் துளைகள் ஏற்கெனவே அடைக்கப்பட்டிருப்பதால் அடுப்பங்கரைச் சாயம் அதில் பயன்படாது.

எப்பொருளாயினும் தகட்டைக் கத்தியிலிருந்து கழற்றியே சாயமேற்ற வேண்டும் என்பதற்கு வலுவான காரணம் எஃகில் இருக்கிறது. துணிச்சாயத் தூள்கள் பலவற்றில் உப்பு கலந்திருக்கும். சூடு, அமிலம், குளோரைடு அயனி மூன்றும் சேர்ந்த நீர், துருப்பிடிக்காத எஃகைக் காக்கும் குரோமியம் ஆக்சைடு படலத்தை ஆங்காங்கே துளைத்து, ஊசிமுனை போன்ற குழிகளை உண்டாக்கும். அக்குழிகள் பெரும்பாலும் சுருளும் அச்சும் மறைந்துள்ள இடுக்குகளில்தான் தொடங்கும். சாயமேற்றப் பயன்பட்ட பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்கக் கூடாது என்பதும், ஆவி சூழாமல் சன்னலைத் திறந்து வைத்துக் கையுறையோடு வேலை செய்ய வேண்டும் என்பதும் அதே அளவு கட்டாயம்.

வெளியில் எடுத்த தகட்டில் நிறம் உண்மையில் தங்கியிருக்கிறதா என்று அறிய, சவர்க்கார நீரில் கழுவிய பின், ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்க்கலாம். துணியில் நிறம் வந்துகொண்டே இருந்தால் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் சாயம் இன்னும் போகவில்லை என்று பொருள். நைலான் தகட்டை உடனே கத்தியில் பொருத்தாமல் உலரவிடுவதும் முக்கியம். நைலான் 66 தன் எடையில் 8 விழுக்காடு வரை நீரை உறிஞ்சி, அதற்கேற்பச் சிறிது பருக்கும். கண்ணாடி இழை கலந்திருந்தால் இது குறையும், ஆயினும் திருகுத் துளைகள் சற்று நெருங்கி அல்லது விலகி நிற்கலாம். ஓரிரு நாள் நிழலில் காய்ந்தபின் அளவு பழைய நிலையை நெருங்கும். வெயிலில் காயவைப்பது நல்லதன்று, ஏனெனில் சாய மூலக்கூறுகள் நிறம் காட்டுவதற்குக் காரணமான இரட்டைப் பிணைப்புத் தொடர்களையே புற ஊதாக் கதிர்கள் மெல்லச் சிதைக்கின்றன. மேசையறையில் கிடக்கும் கத்தியின் நிறம் பல்லாண்டு மாறாதிருக்க, வாகனத்தின் முன்கண்ணாடிக்குக் கீழே கிடக்கும் கத்தியின் வெயில்பட்ட தகடு மட்டும் மறுபக்கத்தைவிட வெளிறிப்போகும், அப்போது அதைக் கழற்றி மறுபடியும் சாயநீரில் இடுவதற்குத் தடை ஏதுமில்லை.